பாதரச மாடல் எங்கே உதைக்கிறது? புழல் முதல் எண்ணூர் வரை, அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

வட சென்னைப் பக்கத்துக் கொசஸ்தலை ஆற்றுக்கோ புழல் ஏரிக்கோ, தண்ணீரில் எந்தப் பொருள் எவ்வளவு இருக்கும் என்று கணக்கிடும் நீர்த்தர மாடல் கட்டுகிற மாணவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "மெத்தில் பாதரசம் (நுண்ணுயிர்கள் தயாரிக்கிற, மீனில் சேர்கிற பாதரச வடிவம்) ஒத்துவரவில்லை. எந்த வேக எண்ணை (வினை எவ்வளவு வேகமாக நடக்கிறது என்று சொல்லும் எண்ணை) மாற்றட்டும்?" இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள் என்பேன். இந்தக் கணக்கில் பாதரசம் கடைசியாக வருகிற பொருள். அதற்கு முன்னால் தண்ணீர், உப்பு, சேறு, ஆக்சிஜன் என்று நான்கு கணக்குகள் இருக்கின்றன. நான்கில் எது பிசகினாலும் அது பாதரசத்தில்தான் கண்ணுக்குத் தெரியும். தெரிகிற இடத்தில் திருகினால் இந்த வருடத்து வரைபடம் அழகாகப் படிந்துவிடும். அடுத்த மழைக்கு மறுபடி உதைக்கும்.

அதனால் கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் அறிகுறி நடுவில் எங்காவது இருந்தாலும், முதல் இரண்டு தலைப்புகளில் உள்ள சோதனைகளை (தண்ணீர், உப்பு) செய்துவிட்டே அங்கே வாருங்கள். அரை நாள் வேலைதான். வாஸ்ப் (WASP) என்ற நீர்த்தர மென்பொருளில் கட்டியிருந்தாலும் சரி, எக்ஸெல் தாளில் பெட்டி பெட்டியாக (ஆற்றையும் ஏரியையும் துண்டுகளாகப் பிரித்து, ஒரு துண்டுக்கு ஒரு பெட்டி என்று) கட்டியிருந்தாலும் சரி, வழி ஒன்றேதான்.

சொல் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். தமிழில் பாட்டிலில் பிடித்த தண்ணீரும் ‘மாதிரி’, கணினியில் கட்டியதும் ‘மாதிரி’. இங்கே பாட்டிலில் இருப்பது மாதிரி, கணினியில் இருப்பது மாடல்.

அறிகுறி: பாதரசத்தை அணைத்துவிட்டு ஓட்டினாலும் ஏரி மட்டம் ஒத்துவரவில்லை

அலகைப் பாருங்கள். நம் ஊரில் ஏரி இருப்பு மில்லியன் கன அடியிலும், திறப்பு வினாடிக்கு இத்தனை கன அடி என்றும் வெளியாகிறது. மாடல் கன மீட்டர் கேட்கும். ஒரு கன அடி 0.0283 கன மீட்டர். ஒரு மில்லியன் கன அடி 28,317 கன மீட்டர். புழலின் முழுக் கொள்ளளவான 3,300 மில்லியன் கன அடி என்பது சுமார் 9.34 கோடி கன மீட்டர். உங்கள் பிழை 35 மடங்கை ஒட்டி இருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், இதுதான் காரணம்.

அலகு சரியாக இருந்தால் விட்டுப்போன வரத்தையும் போக்கையும் தேடுங்கள். புழலுக்குப் பூண்டியிலிருந்தும் சோழவரத்திலிருந்தும் கால்வாயில் தண்ணீர் வருகிறது. குடிநீருக்கு எடுப்பது போகிறது. இவற்றை யாரும் மறப்பதில்லை. மறப்பது ஏரியின் மேலேயே பெய்கிற மழையையும், வெயிலில் போகிற ஆவியையும். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 5 மில்லிமீட்டர் ஆவியானால் ஒரே நாளில் 5,000 கன மீட்டர் போய்விட்டது. கோடையில் இது சில்லறை இல்லை.

அப்புறம் ‘ஒன்று’ சோதனை. எந்த வேதிவினையும் இல்லாத ஒரு கற்பனைப் பொருளைச் சேருங்கள். தொடக்கத்தில் எல்லாப் பெட்டியிலும் அதன் அளவு 1. எல்லா வரத்திலும் 1, கடல் எல்லையிலும் 1, மழையிலும் 1. ஆவியாதலை மட்டும் நிறுத்திவிட்டு ஒரு வருடம் ஓட்டுங்கள். கடைசி நாளிலும் எல்லாப் பெட்டியும் 1 என்றே காட்ட வேண்டும். ஏதோ ஒரு பெட்டி 1.3 என்றால் அங்கே உங்கள் மாடல் தண்ணீரைத் தொலைக்கிறது, 0.8 என்றால் இல்லாத தண்ணீரை உண்டாக்குகிறது. அதைச் சரிசெய்யாமல் அடுத்த வரிக்குப் போவதில் பயனில்லை.

அறிகுறி: உப்பு ஆற்றுக்குள் ரொம்ப தூரம் ஏறுகிறது, அல்லது ஏறவே இல்லை

"நன்னீர் மாடல்தானே, உப்பு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. வல்லூர் அணைக்கட்டுக்குக் கீழே கொசஸ்தலை கடலோடு பேசத் தொடங்கிவிடுகிறது. புழலின் உபரிநீர்க் கால்வாய் மணலி, சடையங்குப்பம் வழியாக எண்ணூர்ப் பக்கம்தான் போய்ச் சேர்கிறது. பக்கிங்காம் கால்வாயில் தண்ணீர் ஒரு வேளை வடக்கே போகும், ஒரு வேளை தெற்கே போகும். நன்னீர் எங்கே முடிகிறது என்று கோடு கிழிக்கவே உப்பு வேண்டும். பாதரசத்துக்கும் அது வேண்டும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

என் மாடலில் ஒரு கோடை முழுக்க உப்பு அளவுக்கு மீறி உள்ளே ஏறிக்கொண்டே இருந்தது. தண்ணீரில் பொருள் எவ்வளவு பரவுகிறது என்று சொல்லும் கலப்புக் கெழுவைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தேன், அடங்கவில்லை. காட்டுக்குப்பத்தில் படகில் மாதிரி எடுக்கக் கூட்டிப்போன அண்ணனிடம் இதைச் சொன்னேன். "மொகத்துவாரத்துல மண்ணு அடைச்சிருக்கு தம்பி, அப்புறம் வெள்ளம் எப்பிடி ஏறும்?" என்றார். அவர் வெள்ளம் என்றது கடல் ஏற்றத்தை. நான் துறைமுகத்தின் ஓத அட்டவணையை (கடல் ஏற்ற வற்றப் பட்டியலை) அப்படியே முகத்துவாரத்தில் எல்லையாக வைத்திருந்தேன். மணல்திட்டு வாயை அடைத்து ஏற்ற வற்றத்தைப் பாதியாக நெரித்துக்கொண்டிருந்தபோது, மாடலில் வாய் முழுக்கத் திறந்திருந்தது. முகத்துவாரத்தின் குறுக்குவெட்டை மாதம் ஒரு முறையாவது மாற்றினால் இந்த அறிகுறி பெரும்பாலும் தீர்ந்துவிடும். எந்த மாதம் எவ்வளவு அடைத்திருந்தது என்பதற்குக் உப்பங்கழியில் மீன்பிடிக்கிறவர்களின் நினைவைவிட நல்ல பதிவு எனக்குக் கிடைத்ததில்லை.

அறிகுறி: எண்கள் பல்லுப் பல்லாகக் குதிக்கின்றன, சில இடத்தில் மைனஸ் வருகிறது

கால இடைவெளி பெரிதாக இருக்கிறது. தண்ணீர் ஒரு அடியெடுப்பில் ஒரு பெட்டியைத் தாண்டக் கூடாது. வேகம் வினாடிக்கு 0.5 மீட்டர், பெட்டி நீளம் 200 மீட்டர் என்றால் இடைவெளி 400 வினாடிக்குள் இருக்க வேண்டும். வெள்ள நாளின் வேகத்துக்கு வைத்துப் பாருங்கள், சராசரி நாளுக்கு இல்லை.

இதன் மறுபக்கம் கண்ணில் படாது. பெட்டி நீளமாக இருந்தால் எண்கள் குதிக்காது, வழவழவென்று பரவிப்போகும். 500 மீட்டர் பெட்டி, வினாடிக்கு 0.2 மீட்டர் வேகம் என்றால் எளிய தீர்வுமுறை ஏறக்குறைய வினாடிக்கு 50 சதுர மீட்டர் போலிக் கலப்பை (ஆற்றில் இல்லாத, கணக்கில் மட்டும் வரும் பரவலை) தானாகச் சேர்த்துவிடும். நீங்கள் கொடுத்த கலப்பைவிட அது பெரிதாக இருந்தால், ஒரு கழிவுக் குழாயின் வாயில் இருக்க வேண்டிய உச்சம் கரைந்து காணாமல் போகும். பெட்டியைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். முடிவு மாறினால் இன்னும் பாதியாக்குங்கள்.

அறிகுறி: மாடல் 4 நானோகிராம் என்கிறது, ஆய்வகம் எல்லா மாதிரியிலும் ‘கண்டறியப்படவில்லை’ என்கிறது

இங்கே மாடல் மேல் குற்றம் இல்லாமல் இருக்கலாம். நம் நாட்டின் குடிநீர்த் தரம் பாதரசத்துக்கு வைத்திருக்கிற எல்லை லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். நானோகிராமில் சொன்னால் 1,000. பல ஆய்வகங்கள் அந்த எல்லையைச் சோதிக்கும் அளவுக்கே கருவியை வைத்திருக்கின்றன. ஆனால் பெரிய மாசு இல்லாத ஏரித் தண்ணீரில் மொத்தப் பாதரசம் லிட்டருக்குச் சில நானோகிராம்தான் இருக்கும். குடிக்கத் தகுந்த தண்ணீரா என்பது ஒரு கேள்வி. அந்தத் தண்ணீரில் வளர்கிற மீனில் என்ன சேரும் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கான கருவி இரண்டாவதற்குப் பதில் சொல்லாது.

ஆய்வகத்திடம் கண்டறியும் எல்லை எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். குளிர் ஆவி அணு ஒளிர்வு முறையில் லிட்டருக்கு ஒரு நானோகிராமுக்குக் கீழேயும் அளக்க முடியும். அந்த வசதி இல்லையென்றால் தண்ணீருக்குச் செலவழிப்பதைச் சேற்றுக்கும் மீனுக்கும் செலவழியுங்கள், அவற்றில் அளவு பல மடங்கு பெரிது, சாதாரணக் கருவியும் பார்த்துவிடும். ‘கண்டறியப்படவில்லை’ என்பதைப் பூஜ்யம் என்றோ எல்லையில் பாதி என்றோ நிரப்பி மாடலை அதற்குப் படியவைக்காதீர்கள். ‘இதைவிடக் குறைவு’ என்றே வையுங்கள். மாடல் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் முரண் இல்லை.

எதிர்ப்பக்கமும் நடக்கும். திடீரென ஒரே ஒரு மாதிரியில் மட்டும் தாறுமாறாக அதிகம் வந்தால் வெற்று மாதிரியின் முடிவைக் கேளுங்கள். அதாவது, தூய நீரை ஊரிலிருந்து எடுத்துப்போய், படகில் திறந்து, மற்றவை போலவே மூடிக் கொண்டுவந்த பாட்டில். அது எடுக்கவே இல்லை என்றால் அந்த உச்சத்துக்கு மதிப்பில்லை. சாதாரண பாலிஎத்திலீன் பாட்டிலும் வேண்டாம். பாதரச ஆவி அதன் சுவர் வழியாகவே உள்ளும் புறமும் போய்வரும். கண்ணாடி அல்லது டெஃப்லான் வகை பாட்டில். எடுக்கும்போது இரண்டு பேர்: ஒருவர் பாட்டிலை மட்டும் தொடுவார், மற்றவர் மீதி எல்லாவற்றையும் தொடுவார்.

அறிகுறி: மழை நாளில் அளந்தது மாடலைவிடப் பல மடங்கு அதிகம்

வட சென்னையில் கட்டப்படுகிற மாடல்களில் நான் அதிகம் பார்த்த கோளாறு இது. வேர் சேற்றில் இருக்கிறது.

பாதரசத்துக்குத் துகள் மேல் ஒட்டிக்கொள்ளும் குணம் மிக அதிகம். எவ்வளவு ஒட்டும் என்பதைப் பகிர்வுக் கெழு சொல்கிறது. ஒரு கிலோ துகளில் இருப்பதை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருப்பதால் வகுத்தால் வரும் எண் அது. கனிமப் பாதரசத்துக்கு, அதாவது மெத்தில் பாதரசமாக மாறாததற்கு, ஆற்று நீரில் இது பத்தாயிரத்திலிருந்து பத்து லட்சம் வரை போகும். நடுவே ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் துகள் மிதந்தால் பாதரசத்தில் பாதி கரைந்திருக்கும், பாதி துகளோடு இருக்கும். மழை வந்து துகள் 200 மில்லிகிராம் ஆனால் கரைந்திருப்பது 21-இல் ஒரு பங்குதான். மீதி அத்தனையும் சேற்றோடு போகிறது. ஆகவே உங்கள் மாடலில் துகள் அளவு தப்பினால் பாதரசமும் அதே விகிதத்தில் தப்பும்.

கையால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆற்றுப் படுகைச் சேற்றில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் பாதரசம் என்று கொள்ளுங்கள். அதாவது ஒரு மில்லிகிராம் சேற்றில் ஒரு நானோகிராம். அந்தச் சேறு லிட்டருக்கு 100 மில்லிகிராம் கலங்கி எழுந்தால் தண்ணீரில் 100 நானோகிராம் கூடிவிடும். வேறு எந்த ஆலையும் எதையும் புதிதாகக் கொட்டியிருக்க வேண்டியதில்லை. மழை நாளின் அளவீட்டைப் பார்த்துவிட்டு "யாரோ இரவோடு இரவாகத் திறந்துவிட்டார்கள்" என்று முடிவு கட்டுவதற்கு முன் இந்தப் பெருக்கலைப் போட வேண்டும். பெருக்கலுக்கு மேலே வருகிற அளவுதான் விசாரிக்க வேண்டிய அளவு. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தவறான குற்றச்சாட்டு ஒரு முறை எடுபடாமல் போனால், அடுத்த முறை உண்மையாகவே கொட்டும்போது யாரும் நம் எண்ணை நம்ப மாட்டார்கள். நட்டம் குப்பத்துக்காரர்களுக்கு.

சரி, எங்கே திருத்துவது?

மாடலில் எத்தனை வகைத் துகள் வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஒன்றே ஒன்று என்றால் எண்ணூர்ப் பக்கம் அது போதாது. இங்கே குறைந்தது இரண்டு வேறு சேறு இருக்கிறது. ஒன்று, கழிவுநீரும் இலைதழையும் சேர்ந்த கரிமச் சேறு, கறுப்பாக, மெதுவாக அமிழும். இன்னொன்று நிலக்கரிச் சாம்பல். நிலக்கரி எரியும்போது அதிலுள்ள பாதரசம் பெரும்பாலும் ஆவியாகிப் புகையோடு போகிறது. ஒரு பங்கு பறக்கும் சாம்பலில் ஒட்டிக்கொள்கிறது, அதுவும் எரியாமல் மிஞ்சிய கரித்துகள் அதிகமுள்ள சாம்பலில் கூடுதலாக. சாம்பலில் இருப்பதும் கரிமச் சேற்றில் இருப்பதும் மொத்தக் கணக்கில் ஒன்றாகத் தெரிந்தாலும், பாக்டீரியாவின் கைக்கு எட்டுவதில் ஒன்றில்லை. இரண்டையும் ஒரே வகையாக வைத்தால் மழை நாள் மொத்தப் பாதரசமும் தப்பும், பின்னால் மெத்தில் பாதரசமும் தப்பும்.

அடுத்தது, எத்தனை மழை நாள் மாதிரி உங்களிடம் இருக்கிறது? வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிந்துவிடும். அதிலும் வருடத்துச் சேற்றில் பெரும்பங்கு சில நாட்களில் போய்விடும். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மாதத்துக்கு ஒரு மாதிரி என்று எடுத்தால் அந்த நாட்கள் அப்படியே தப்பிவிடும். வெள்ளத்தில் படகு இறக்கவும் முடியாது, இறக்கவும் கூடாது. பாலத்தின் மேலிருந்து வாளியில் எடுத்து, கலங்கல் மானியில் மணிக்கு ஒரு முறை பார்த்து எழுதுவது போதும். சில மாதிரிகளில் மட்டும் பாதரசம் அளந்து, கலங்கலுக்கும் பாதரசத்துக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தால் மீதி மணிநேரங்களை நிரப்பலாம். வெள்ளம் ஏறும்போதும் இறங்கும்போதும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரே அளவு தண்ணீர் ஓடினாலும், ஏறுமுகத்தில் சேறு வழக்கமாக அதிகம்.

அறிகுறி: பத்து வருடம் ஓட்டினாலும் படுகைச் சேற்றின் பாதரசம் ஒரு நிலைக்கு வரவில்லை

அது மெதுவாகத்தான் வரும். கலந்து புரளும் மேல் அடுக்கு 5 சென்டிமீட்டர், வருடத்துக்கு அரை சென்டிமீட்டர் புதைகிறது என்றால், அந்த அடுக்கு புதுப்பிக்கவே 10 வருடம்; ஏறக்குறைய நிலைக்கு வர 30 வருடம். தொடக்க அளவை அளந்த சேற்றிலிருந்து கொடுங்கள். அளந்தது ஈரச் சேற்றிலா உலர்ந்த சேற்றிலா என்று அறிக்கையில் தேடிப் பாருங்கள்.

அறிகுறி: ஏரியில் போட்ட பாதரசம் சில வாரத்தில் காற்றில் போய்விடுகிறது

வெயில் கனிமப் பாதரசத்தில் கொஞ்சத்தைத் தனிமப் பாதரசமாக மாற்றும். அது நீர்ப்பரப்பிலிருந்து காற்றுக்குப் போகும். மெத்தில் பாதரசத்தையும் வெயில் உடைக்கும். இரண்டும் உண்மை. ஆனால் நூல்களில் கிடைக்கும் வேக எண்கள் பெரும்பாலும் மேற்பரப்பு வெளிச்சத்துக்கானவை. நம் ஏரிகளில் வெளிச்சம் எவ்வளவு ஆழம் இறங்குகிறது? ஒளித்தேய்வு (ஆழத்தோடு வெளிச்சம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று சொல்லும் எண்) மீட்டருக்கு 5, ஆழம் 2 மீட்டர் என்றால் மேலிருந்து அடிவரை சராசரி வெளிச்சம் மேற்பரப்பில் பத்தில் ஒரு பங்குதான். மேற்பரப்பு எண்ணை அப்படியே கொடுத்தால் பத்து மடங்கு வேகமாகப் பாதரசம் ஓடிவிடும். ஆகாயத்தாமரை மூடிய பெட்டியில் வெளிச்சம் ஏறக்குறைய இல்லை என்றே வையுங்கள்.

அறிகுறி: மெத்தில் பாதரசம் முகத்துவாரத்தில் அதிகமாக வருகிறது, மேலே ஏரியில் குறைவாக வருகிறது. அளந்தால் தலைகீழ்

இங்கே நிதானமாகப் போக வேண்டும். மீனில் சேர்வது பெரும்பாலும் இந்த மெத்தில் பாதரசம்தான். 1956-இல் மினமாட்டாவில் வெளியே தெரிந்த நோயும் இதனால்தான். அங்கே ஆலைக் கழிவிலேயே மெத்தில் பாதரசம் இருந்தது. நம் ஏரியிலும் ஆற்றிலும் அதைத் தயாரிப்பது ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள்: சல்பேட்டைக் குறைப்பவை, இரும்பைக் குறைப்பவை, மீத்தேன் உண்டாக்குபவை. அவற்றில் எவை இதைச் செய்யும் என்பதைத் தீர்மானிக்கிற ஜீன் ஜோடி 2013-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

இதனால் முதலில் பார்க்க வேண்டியது ஆக்சிஜன் கணக்கு. மாடல் காட்டும் ஆக்சிஜன் சரிதான் என்று நீங்கள் நினைப்பது பகல் பதினோரு மணி மாதிரியை வைத்து இருக்கலாம். பாசி நிறைந்த ஏரியில் பகலில் ஆக்சிஜன் பொங்கும், விடிவதற்கு முன் படுத்துவிடும். 30 டிகிரியில் நன்னீர் பிடித்துவைக்கக்கூடிய ஆக்சிஜனே லிட்டருக்கு சுமார் 7.5 மில்லிகிராம்தான். கழிவை உண்ணும் வேகமோ 20 டிகிரியில் இருப்பதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். ஒரு நாளாவது விடியற்காலை ஐந்து மணிக்குப் போய் அளந்துவிடுங்கள், அடியிலும் அளந்து பாருங்கள். மேல் தண்ணீரில் 6 இருக்கும்போது ஆகாயத்தாமரை வேருக்குள் பூஜ்யம் இருக்கலாம். மிதக்கும் செடியின் வேர்ப்படலம் மெத்தில் பாதரசம் உருவாகும் இடங்களில் ஒன்று என்பது பல நாடுகளில் பார்க்கப்பட்ட விஷயம். மாடலில் மெத்திலாக்கத்தை, அதாவது மெத்தில் பாதரசம் உருவாவதை, சேற்றில் மட்டும் வைத்திருந்தால் ரெட்டேரி போலச் செடி மூடிய ஏரியில் குறைவாக வருவதில் ஆச்சரியமில்லை. செடி மூடிய பரப்புக்கு மெல்லிய ஒரு பெட்டியைத் தனியாகச் சேருங்கள்.

முகத்துவாரத்தில் அதிகமாக வருவதற்குக் காரணம் வேறு. கடல் நீரில் லிட்டருக்கு சுமார் 2,700 மில்லிகிராம் சல்பேட் இருக்கிறது. ஆற்று நீரில் பொதுவாகப் பத்துகளில்தான் இருக்கும். சல்பேட் கூடினால் மெத்திலாக்கம் கூடும் என்று நேர்க்கோடு போட்டிருந்தால் உச்சம் கடல் வாயில்தான் வரும். நடப்பது அப்படியில்லை. சல்பேட்டைக் குறைக்கும்போது சல்ஃபைடு உண்டாகிறது. அது சேர்ந்துபோனால் பாதரசத்தைக் கட்டிப்போட்டுவிடும், நுண்ணுயிருக்கு எட்டாது. கொஞ்சம் சல்பேட் தூண்டும், நிறைய சல்பேட் கடைசியில் தடுக்கும். உச்சம் நடுவில், நன்னீரும் உப்புநீரும் சந்திக்கிற பகுதியில் வரும். பருவமழைக்கு அந்தச் சந்திப்பு கீழே இறங்கும், கோடையில் மேலே ஏறும். இதற்காகத்தான் முதலிலேயே உப்பைச் சரிபார்க்கச் சொன்னேன். மெத்திலாக்க வேகத்தைப் பெட்டி வாரியாக நிலையான எண்ணாகக் கொடுக்காமல், உப்போடு சேர்ந்து மாறும்படி கொடுங்கள்.

வேக எண்ணிலேயே ஒரு பொறி இருக்கிறது. சில மாடல்கள் அந்த எண்ணைச் சேற்றிலுள்ள மொத்தக் கனிமப் பாதரசத்தின் மேல் பெருக்கும், சில கரைந்திருப்பதன் மேல் மட்டும். ஒரு லிட்டரில் அரை கிலோ உலர்துகள் உள்ள சேற்றில், கெழு ஒரு லட்சம் என்றால், கரைந்திருப்பது ஏறக்குறைய 50,000-இல் ஒரு பங்கு. மொத்தத்துக்கான எண்ணைத் தவறிக் கரைந்ததற்குக் கொடுத்தால் மெத்தில் பாதரசம் இல்லாமலே போய்விடும். உடனே ஆயிரம் மடங்கு கூட்டத் தோன்றும். கூட்டாதீர்கள், கையேட்டில் வரையறையைப் படியுங்கள். ஆய்வகத்தில் புதிதாகச் சேர்த்த பாதரசத்தை வைத்து அளந்த வேகம், சேற்றில் வருடக்கணக்கில் கிடந்த பழைய பாதரசத்துக்கு அதிகம் என்பதையும் நினைவில் வையுங்கள். சாம்பலில் ஒட்டியதற்கு இன்னும் குறைத்து வைத்துத் தொடங்குங்கள்.

சரிபார்க்க எளிய விகிதம் ஒன்று உண்டு. மெத்திலாக்க வேகம் நாளுக்கு 0.01, உடையும் வேகம் நாளுக்கு 1 என்றால், சேற்றில் மெத்தில் பாதரசம் மொத்தத்தில் 1 சதவீதத்தில் வந்து நிற்கும். சேற்றில் பொதுவாக இந்த ஒரு சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழோதான் பார்க்கிறோம். உங்கள் மாடல் 10 சதவீதம் காட்டினால் நிறுத்திவிட்டு இந்த இரண்டு எண்களின் விகிதத்தைப் பாருங்கள். வெப்பநிலைத் திருத்தம் கொடுத்தால் இரண்டுக்கும் கொடுங்கள். மெத்திலாக்கத்துக்கு மட்டும் கொடுத்துவிட்டு உடைவதை 20 டிகிரியிலேயே விட்ட மாடல்கள் நிறைய பார்த்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம், நம் ஏரிகளுக்கே உரியது. 2019 ஜூனில் புழல் ஏறக்குறைய வற்றிப்போனது. வெடித்துக் காய்ந்த சேற்றில் காற்றுப் பட்டு சல்ஃபைடு சல்பேட்டாகிறது. மழை வந்து மறுபடி மூழ்கும்போது அந்தச் சல்பேட்டும் செத்த புல்லும் சேர்ந்து நுண்ணுயிருக்கு விருந்து. நீரில் மூழ்கிய நிலத்தில் மெத்தில் பாதரசம் சில காலம் உயர்வது புதிய அணைகளில் தெளிவாகப் பார்க்கப்பட்டது. வற்றி நிறைந்த வருடத்தை மட்டும் மாடல் தவறவிட்டால், காய்ந்த பரப்பை மாடல் எப்படி நடத்துகிறது என்று பாருங்கள். பலவற்றில் பெட்டி காய்ந்தால் கணக்கே நின்றுவிடும், நிறைந்ததும் விட்ட இடத்திலிருந்து ஒன்றும் நடக்காததுபோலத் தொடரும்.

அறிகுறி: தண்ணீரும் சேறும் ஒத்துப்போகின்றன, மீன் மட்டும் ஒத்துவரவில்லை

நான்கைந்து மடங்கு வித்தியாசம் என்றால் முதல் சந்தேகம் ஈர எடை, உலர் எடை. மீனில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். கருவாட்டுக் கணக்கை மீன் கணக்கோடு கலந்தால் இந்த அளவுக்குத் தப்பும்.

அது இல்லையென்றால் எந்த மீன், எவ்வளவு பெரியது என்று கேளுங்கள். விராலும் கொடுவாவும் மற்ற மீனைத் தின்பவை. மடவையும் ஜிலேபியும் பாசியும் சேறும் மேய்பவை. ஒவ்வொரு படியிலும் மெத்தில் பாதரசம் செறிந்துகொண்டே போகும். தண்ணீரில் லிட்டருக்கு 0.1 நானோகிராம், மீனில் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் என்றால் செறிவு 30 லட்சம் மடங்கு, வேட்டை மீனுக்கு இது நம்பக்கூடிய எண்தான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2001-இல் மீன் சதைக்கு வைத்த மெத்தில் பாதரச அளவும் கிலோவுக்கு அந்த 0.3 மில்லிகிராம். இந்த மடங்கை ஒரே எண்ணாக எல்லா மீனுக்கும் கொடுத்திருந்தால் ஜிலேபியில் அதிகமாகவும் விராலில் குறைவாகவும் வரும். மிகப் பெரிய தாவல் தண்ணீரிலிருந்து பாசிக்கு, ஏறக்குறைய லட்சம் மடங்கு. பாசிப் படி தப்பினால் மேலே எல்லா மீனும் ஒரே விகிதத்தில் தப்பும். அப்படித் தப்பினால் மீனைத் தொடாதீர்கள், பாசியைத் திருத்துங்கள்.

ஒரே இனத்திலும் பெரிய மீனில் அதிகம் இருக்கும், வயது கூடக் கூடச் சேர்ந்துகொண்டே போவதால். நீளம் எழுதாமல் "விரால், 3 எண்ணம்" என்று வந்த முடிவை மாடலோடு ஒப்பிட வழியே இல்லை. கழிக்கும் கடலுக்கும் போய்வருகிற மீனை ஏரி மாடலோடு ஒப்பிடுவதும் அப்படித்தான்.

கடைசியாக, எந்த மீனை மாடலில் வைப்பது என்பதை நூலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முகத்துவாரக்குப்பத்தில் மீன் விற்கிற அக்காக்களிடம் கேட்டேன், பெரியது எல்லாம் கூடையில் ஏறி ஊருக்குள் போய்விடும், வீட்டுக் குழம்புக்கு நிற்பது பொடி மீனும் இறாலும் நண்டும் என்றார்கள். அதுவரை என் மாடலில் கொடுவா மட்டும்தான் இருந்தது. வீட்டில் எந்த மீன், வாரத்துக்கு எத்தனை வேளை, கர்ப்பிணிப் பெண்ணுக்கும் குழந்தைக்கும் எதை எடுத்து வைக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த மீன்களின் பெயரில் மாடலில் தனித்தனி வரி திறந்து, நீளம் அளந்து, அவற்றில் சிலவற்றை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.